அரைக்கால் இஞ்சி ஓட்டை

கராஜுக்குள் மூன்று பேர் இருந்தோம்: அப்பா, மாமா, நான். அம்மா இல்லை. அவரின் தங்கச்சியுடைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுக்கவென்று பாரிசுக்குப் போய் மூன்று கிழமை ஆகியிருந்தது. எஞ்சின் விசயம் என்பதால் அவர் இல்லாததை நாங்கள் ஒருவரும் ஒரு குறையாக எண்ணவில்லை.

கராஜ் என்றால் லண்டனில், எட்மண்டனில் எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் கவுன்சில் வாடகைக்கு விடுகிற வரிசைக் கொட்டில்களில் ஒன்று. அதற்குள் முகப்பைத் திறந்துகொண்டு அப்பாவின் வெள்ளை வான் நின்றது. அதற்கு முன்னால், வாடகைக்கு எடுத்த சிறிய கிரேனில், கழற்றித் திரும்பப் பூட்டிய எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. வியாழக்கிழமை பின்னேரம். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் எஞ்சினை வானுக்குள் இறக்குவது என்பதுதான் திட்டம்.

அப்பா அந்த வானில் இடியப்பம் கொண்டுபோகிறவர். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சமையல்கூடத்தில் விடிய நாலரைக்கு ஏற்றி, எட்மண்டன், ஹரோ என்று பதினொரு கடைக்கு எட்டு மணிக்குள் இறக்கிவிட வேண்டும். வான் படுத்த நாளிலிருந்து சமையல்கூட முதலாளியின் மருமகன் தன் காரில் அந்த ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்தான். முதலாளி நல்ல மனிசன்தான், ஆனால் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "திங்கட்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பன், அண்ணை. அதுக்குப் பிறகு பொடியனுக்கே குடுத்திடுவன், குறை நினைக்காதேங்கோ."

வேறு வேலை தேடலாம் என்று சொல்வது எனக்கு லேசு. அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார், அவ்வளவுதான். சாரதிப் பரீட்சையின் கேள்விகளைத் தமிழில் குரலாகக் கேட்டுப் பதில் சொல்லக்கூடியதாக இருந்த காலத்தில் பாஸ் பண்ணியவர். இப்போது அந்த வசதி இல்லை. பதினொரு கடைக்கும் வழி அவருக்குப் பாடம். புது வழி, புதுப் படிவம், புது ஆப் என்று வந்தால் நான் வேண்டும். புது வான் வாங்கக் காசில்லை. பழைய டீசல் வான் மலிவு, ஆனால் லண்டனுக்குள் ஓட்ட ஒவ்வொரு நாளும் புகைக் கட்டணம் கட்ட வேண்டும். எங்களுடையது பெற்றோல், அந்தக் கட்டணம் இல்லை. அதனால்தான் எஞ்சினைத் திருத்துவது என்று முடிவானது.

மாமா அம்மாவின் தம்பி. ஜேர்மனியில் பத்தொன்பது வருசம் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். முடித்து, பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலும் படித்து, கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் வரைகிற ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உண்மையான எஞ்சின் ஒன்றை அதற்கு முன் நான் கழற்றியது கிடையாது. ஆனால் பட்டியல் போடுவேன். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் பையில் போட்டு, பையில் இலக்கம் எழுதி, இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். மாமா என்னை "லைபிரேரியன்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

ஓட்டையைக் கண்டது நான்தான். இறக்க முதல் கடைசியாக ஒருமுறை துடைப்போம் என்று துணியோடு சுற்றி வந்தபோது, எஞ்சின் புளொக்கின் பக்கவாட்டில், ஒயில் பில்டர் பூட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் பின்னால், சின்ன விரல் நுனி போகிற அளவில் ஒரு ஓட்டை. உள்ளே ஆணி திருகுவதற்குப் புரி வெட்டியிருந்தது. அதற்குள் பூட்ட எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. மேசையில் எல்லாப் பையும் வெறுமை.

"மாமா, இது என்ன ஓட்டை?"

அவர் ரோர்ச் லைற்றைப் பிடித்துப் பார்த்தார். "உது குருட்டு ஓட்டை மருமோன், உள்ளை வழியில்லை. ஏதாவது பிராக்கெற் பூட்ட விட்டிருப்பாங்கள். எல்லா மொடலுக்கும் ஒரே புளொக்தானே வார்க்கிறவங்கள். இறக்குவம்."

"குருடு எண்டு எப்பிடித் தெரியும்?"

"பத்தொன்பது வருசம்."

நான் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தேன். போனது. நாலு விரல், ஐந்து விரல், பிறகு வளைந்து இன்னும் போனது. மாமா கிட்ட வந்து குனிந்தார்.

குருடு இல்லையென்றால் இரண்டில் ஒன்று: தண்ணீர் ஓடும் வழி, அல்லது ஒயில் ஓடும் வழி. தண்ணீர் என்றால் ஒழுகும், தெரியும், நிற்பாட்டலாம். ஒயில் என்றால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பம்ப் தள்ளுகிற ஒயில் முழுவதும் அந்த ஓட்டையால் வெளியே பாயும். உள்ளே நாங்கள் போட்ட புது பேரிங்குகளுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஒரு நிமிசத்துக்குள் எல்லாம் கருகிவிடும். அதோடு அப்பாவின் ஓட்டமும் போய்விடும். எஞ்சின் உள்ளே இறங்கிய பின் அந்த இடம் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது.

வீட்டிலிருந்து சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தேன். அதன் குழாய் நுனியை ஓட்டையில் துணி சுற்றி அழுத்திப் பிடித்து அடித்தேன். ஒயில் பில்டரைக் கழற்றி, அந்த வாயில் அப்பாவை விரலை வைக்கச் சொன்னேன்.

"காத்து வருது," என்றார் அப்பா. "நல்லாய் வருது."

"ஒயில் வழி," என்றேன்.

மாமா சங்கிலியிலிருந்து கையை எடுத்தார்.

அப்போதுதான் பட்டறைப் பை ஞாபகம் வந்தது. எஞ்சின் புளொக்கை பார்க்கிங்கில் ஒரு பட்டறைக்குக் கொடுத்துக் கடைந்து கழுவி எடுத்திருந்தோம். உள்வழிகளைக் கழுவுவதற்காக அவற்றின் வாய்களில் இருக்கும் பிளக்குகளை, அதாவது தலையில்லாத குட்டையான மூடியாணிகளை, கழற்றி, ஒரு சின்னப் பையில் போட்டு, புளொக்கோடு கட்டித் தந்திருந்தார்கள். மாமாதான் அவற்றைப் பூட்டியவர். நாலு, எல்லாம் பெரியவை, ஒரே அளவு. என் கொப்பியைப் புரட்டினேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: பிளக் பை, ஒன்று. பைக்குள் எத்தனை என்று எழுதியிருக்கவில்லை.

"நாலுதான் கிடந்தது," என்றார் மாமா.

"ஐஞ்சு வந்திருக்க வேணும். நீங்கள் பூட்டேக்கை எங்கையாவது விழுத்தியிருப்பியள்."

"நான் விழுத்தேல்லை."

"பின்னை அது எங்கை போகும்? நீங்கள் ஒருத்தர்தானே அந்தப் பையிலை கை வைச்சனீங்கள்."

இதை நான் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அலுவலகத்தில் கதைப்பது மாதிரி, நிதானமாகச் சொன்னேன். அதுதான் பிழையாகப் போனது என்று நினைக்கிறேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் துலைச்சனான் எண்டு எழுது," என்றார்.

அப்பா பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி, கராஜ் நிலம் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தார். வாசர்கள், ஆணிகள், ஒரு சாவி, யாரோ எங்களுக்கு முன் அங்கே இருந்தவருடைய இரும்பு மோதிரம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தன. பிளக் வரவில்லை. ஒரு மணித்தியாலம் இழுத்தார்.

இரவு அம்மா வழக்கம்போல பாரிசிலிருந்து போன் எடுத்தார்.

"வான் ஓடுதோ?"

"இல்லையம்மா. சின்னப் பிரச்சினை ஒண்டு."

"என்ன பிரச்சினை?"

"எஞ்சினிலை. அது உங்களுக்கு விளங்காது."

"சரி. சாப்பிட்டனீங்களோ? பிரீசருக்கை ரசம் கிடக்கு, எடுத்தனீங்களோ?"

வெள்ளிக்கிழமை நான் பாதி நாள் லீவு போட்டேன். வானின் கம்பனிச் சாமான் விற்கிற இடத்தில், அப்படி ஒரு பிளக்கைத் தனியாக விற்பதில்லை, கேட்டுப் பார்க்கலாம், வந்தால் செவ்வாய் என்றார்கள். பார்க்கிங் பட்டறை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. மாமா வேலை முடிந்து தன் ஜேர்மனிப் பெட்டியோடு வந்தார். அதில் அளவு வாரியாக ஆணிகள் இருந்தன. என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, அப்பாவோடுதான் கதைத்தார்.

"அத்தான், ஜப்பான் எஞ்சின். ஜப்பான்காரன் மில்லிமீற்றர்தான். பத்து மில்லிமீற்றர், மெல்லிய புரி. பாருங்கோ, பிடிக்குது."

பிடித்தது. கையால் ஒன்றரைச் சுற்றுப் போனது. பிறகு இறுகியது. மாமா ஸ்பானரை எடுத்தார். இன்னும் கால் சுற்று. ஆணி முனகியது.

"மாமா, நிப்பாட்டுங்கோ."

"இறுகத்தானே வேணும். ஒயில் அடைக்கிறது."

"அது சரியான புரி இல்லை. வெட்டுது. நிப்பாட்டுங்கோ."

எங்கள் வீட்டில் ஒரு மூத்தவரின் கையை நான் பிடித்து நிறுத்தியது அதுதான் முதல் தரம். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஆணியைத் திருப்பிக் கழற்றினார். அதன் நுனியில் நகம் வெட்டிய துண்டு மாதிரி ஒரு மெல்லிய இரும்புச் சுருள் ஒட்டியிருந்தது.

"ஒண்டு வெளியிலை வந்திருக்கு," என்றார் அப்பா. "உள்ளை எத்தினை போச்சு?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று அதோடு கதவைப் பூட்டினோம்.

சனிக்கிழமை மாமாவுக்கு வேலை நாள். அவர் போகவில்லை. நான் கராஜைத் திறக்கப் போனபோது வாசலில் நின்றார்.

புரியை அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தது ஐஸ் பழக் குச்சி. அதன் மெல்லிய ஓரத்தை ஓட்டைக்குள் விட்டு, ஒரு பக்கச் சுவரோடு ஸ்குரூ டிரைவரால் அழுத்தி எடுத்தேன். மென்மையான மரம், புரியின் தடம் பல் பல்லாகப் பதிந்து வந்தது. அடிமட்டத்தோடு பக்கத்தில் வைத்து ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை கோடு என்று எண்ணினேன். பதினொன்று.

"பத்து," என்றார் மாமா.

"பதினொண்டு."

"கண்ணாடியைப் போட்டுட்டு எண்ணு."

போனில் படம் எடுத்துப் பெருப்பித்து மூன்று பேரும் எண்ணினோம். அப்பா விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினார். திரை நகர்ந்துகொண்டே இருந்ததால் இரண்டு தரம் முதலிலிருந்து தொடங்கினார். பதினொன்று.

ஒரு சென்ரிமீற்றருக்குப் பதினொன்று என்றால் ஒரு இஞ்சிக்கு, அதாவது அங்குலத்துக்கு, இருபத்தெட்டு. மில்லிமீற்றர் ஆணியில் அப்படி ஒரு கணக்கு வராது. போனில் அட்டவணையைத் தேடினேன். இருபத்தெட்டு, ஓட்டையின் அகலமும் சரி: தண்ணீர்க் குழாய் வேலைக்காரர் பாவிக்கிற ஆங்கிலேயக் குழாய்ப் புரி. உள்ளே போகப்போக ஒடுங்குகிற வகை. அளவு ஒன்றின் கீழ் எட்டு இஞ்சி; அது ஓட்டையின் அகலம் இல்லை, குழாயின் உள்வாயை வைத்துச் சொல்கிற பழைய பெயர்.

"ஒன்றின் கீழ் எட்டு எண்டால்?" என்றார் அப்பா.

"ஒரு இஞ்சியை எட்டாய்ப் பிரிச்சால் அதிலை ஒரு பங்கு."

"அரைக்கால் இஞ்சி எண்டு சொல்லன்."

மாமா குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஜப்பான்காரன்ரை எஞ்சினுக்கை வெள்ளைக்காரன்ரை தண்ணிப் பைப். நான் ஜேர்மனியிலை இதைக் கண்டதேயில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். இரண்டு நாளில் முதல் தரம் முகம் பார்த்து. "கடை எத்தினை மணிக்குப் பூட்டுவான்?"

பன்னிரண்டுக்கு. எங்கள் தெரு முனையில்தான், தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கிற கடை. நான் பிறகு யோசித்துப் பார்த்தேன், வியாழன் பின்னேரம் முதல் நான் அதைத் தாண்டி ஆறு தரம் நடந்திருக்கிறேன். கவுண்டரில் நின்றவர் குச்சியை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்த பொயிலருக்கு என்று கேட்டார். வானுக்கு என்றேன். வானைச் சூடாக்கப் போகிறீர்களா என்றார். ஒரு பெட்டியிலிருந்து பித்தளை பிளக் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நான் இரண்டு வாங்கினேன். ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கட்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

இரும்புச் சுருள்தான் மிச்சப் பயம். கீழே தட்டு வைத்து, ஓட்டைக்குள்ளும் பில்டர் வாய்க்குள்ளும் புது ஒயிலாக ஊற்றி ஊற்றிக் கழுவினோம். வந்த ஒயிலைப் பழைய வேட்டித் துணியில் வடித்தோம். மூன்றாவது போத்தலில் இன்னும் ஒரு சுருள் வந்தது. நாலாவதில் ஒன்றும் வரவில்லை. அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழி இல்லை.

பிளக்கைப் பூட்ட மாமா என்னிடம் தந்தார். "நீ கண்டுபிடிச்சது, நீயே பூட்டு." கேலியா இல்லையா என்று அவர் குரலில் தெரியவில்லை. முதல் புரியில் நேற்றைய காயம் கொஞ்சம் தட்டுப்பட்டது, பிறகு வழுக்கிக்கொண்டு மூன்று சுற்று கையால் போனது. கழற்றி, ஒயிலுக்குத் தாங்குகிற பசை பூசி, ஸ்பானரால் இன்னும் ஒன்றரைச் சுற்று. அது எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. பின்னேரம் எஞ்சினை வானுக்குள் இறக்கினோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாம் பூட்டி முடிந்தது. எஞ்சினை ஸ்ராட் ஆகாமல் சும்மா சுற்ற மட்டும் வைப்பதற்காக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்திருந்தோம். மாமா ரோர்ச்சோடு வானுக்கு அடியில் படுத்தார். அப்பா சாவியைத் திருப்பினார். நான் பக்கத்துச் சீட்டில் இருந்தேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு, ஒயில் குவளைப் படம். அப்பாவுக்கு அந்த டாஷ்போர்டில் எழுத்து ஒன்றும் தெரியாது, அந்தப் படம் தெரியும். அது அணைந்தால் ஒயில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐந்து செக்கன். எஞ்சின் சும்மா சுற்றியது. பத்து. அப்பா விட்டார், மூச்செடுத்தார், திரும்பப் பிடித்தார். விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"மச்சான், ஒழுகுதோ?" என்று அப்பா குனிந்து கூப்பிட்டார்.

"இல்லை. நீங்கள் சுத்துங்கோ."

மூன்றாம் தரம் பிடித்தபோது விளக்கு ஒருமுறை நடுங்கி அணைந்தது. அப்பா சாவியை விடவில்லை. "விடுங்கோ அப்பா, போதும்," என்று நான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. கீழேயிருந்து மாமாவின் குரல் வந்தது: "ஒரு சொட்டும் இல்லை."

ஸ்பார்க் பிளக்குகளைப் பூட்டி ஸ்ராட் பண்ணினோம். பிடித்தது. கொஞ்சம் இருமிவிட்டு நிதானமாக ஓடியது. அப்பா நாலு ரயருக்குக் கீழும் கண்ணூறு படாமல் தேசிக்காய் வைத்துவிட்டு, அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, போனை எஞ்சின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"சத்தம் கேக்குதோ?"

"கேக்குது, கேக்குது. தேசிக்காய் வைச்சனீங்களோ?"

"வைச்சாச்சு."

"அந்தத் துண்டை எடுத்துப் பூட்டினீங்கள்தானே?"

"எந்தத் துண்டு?"

"பிள்ளையாருக்கு முன்னாலை வைச்ச துண்டு. எஞ்சினை வீட்டுக்கை தூக்கியர ஏலாதெண்டு, ஒரு துண்டு தா எண்டு நான் வெளிக்கிடேக்கை கேட்டு வைச்சனான். மகன்தான் எடுத்துத் தந்தவன்." அப்பா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். "அதைப் பூட்டாமல் இது எப்பிடி ஓடுது?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மா பயணப் பையோடு கராஜ் வாசலில் நின்றது. நான் எஞ்சின் வரைபடத்தைப் போனில் பார்த்துக்கொண்டு, திரும்பாமலே பட்டறைப் பைக்குள் கைவிட்டு, இருந்ததில் சின்னதை எடுத்துக் கொடுத்தது. அவர் சீலையில் ஒயில் படக்கூடாது, விசயம் கெதியாக முடியவேண்டும் என்பதற்காகச் சின்னது. அதன் பிறகுதான் கொப்பியில் எழுதினேன்: பிளக் பை, ஒன்று.

வீட்டில் சாமித்தட்டில் அது இருந்தது. சந்தனம் காய்ந்து, குங்குமம் வைத்து, மேலே ஒரு வாடின பூவோடு. அப்பா மூன்று கிழமையாக ஒவ்வொரு காலையும் அதற்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறார். "அம்மாவின்ரை ஏதோ சாமான் எண்டு நினைச்சன்," என்றார்.

நான் அதை உள்ளங்கையில் வைத்துக் கராஜுக்குக் கொண்டுபோனேன். மாமா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான்தான்."

"கேட்டது. உன்ரை அம்மான்ரை குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது." பிளக்கை வாங்கி, குங்குமத்தை நகத்தால் சுரண்டி, புரியைப் பார்த்தார். "அரைக்கால்தான். அளவு சரி, லைபிரேரியன்." திருப்பித் தந்தார். "கொப்பியிலை என்ரை பேரை வெட்டு."

அவர் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. அதைச் சொல்லவும் இல்லை.

திங்கள் விடிய அப்பா பார்க்கிங்குக்குப் போனார். எட்டு மணிக்குப் பத்து நிமிசம் இருக்க, பதினோராவது கடையில், ஹரோவில் நிற்கிறேன் என்று போன் எடுத்தார். பித்தளை பிளக் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கிழமை முடிவில் நான் கணக்குப் போட்டேன். இரண்டு பிளக், பசை, கழுவிக் கொட்டிய ஒயில், புது பில்டர், கிரேனுக்கு இரண்டு நாள் கூடுதல் வாடகை. அவற்றோடு மாமா வேலைக்குப் போகாத சனிக்கிழமையின் சம்பளம் நூற்றுப் பத்துப் பவுணையும் சேர்த்தேன். அவர் வேண்டாம் என்றார். அப்பா அந்த நூற்றுப் பத்தை மடித்து அவரின் ஜேர்மனிப் பெட்டிக்குள், பத்து மில்லிமீற்றர் ஆணிகளின் அறையில் வைத்துவிட்டு வந்தார். எல்லாமாக நூற்றுத் தொண்ணூறு பவுண் முப்பது பென்ஸ்.